ஆள்காட்டி

ஏப்ரல் முதல் தேதி காலை
பலகைகளை அடித்தது நான்தான்.
அணைக்கரையில் மூன்று, புல்வெளி வாசலில் ஒன்று.
ஜூலை பதினைந்து வரை
நாயைக் கயிற்றில் பிடித்தே நடக்க வேண்டும்.
தரையில் முட்டையிடும் பறவைகளுக்கு இது பருவம்.
கீழே நகராட்சி முத்திரை.
மறுநாள் அதற்கும் கீழே
யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்:
பூனைகளுக்கு?

நல்ல கேள்விதான்.
சட்டத்தில் பூனை இல்லை.

என் வேலையில் பாதி, காரணம் கேட்பது.
"இவன் கடிக்கவே மாட்டான்" என்பார் பேக்கரி ஹில்கோ.
கடிப்பதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லையே என்பேன்.
"கயிறு காரில் இருக்கிறது."
"கயிறு இதோ", தோளில், மாலை மாதிரி.
விடுமுறைக்கு ஹாம்புர்கிலிருந்து வந்தவள் ஒருத்தி
ஒரு முனையைக் கழுத்தில் மாட்டி
மறுமுனையை நாயின் வாயிலேயே கொடுத்திருந்தாள்.
பிடித்திருக்க வேண்டும் என்றுதானே எழுதியிருக்கிறது,
யார் என்று எழுதவில்லையே என்றாள்.
சிரித்துக்கொண்டேதான் ரசீது கிழித்தேன்.
முப்பத்தைந்து யூரோ.

வீப்கே ஓல்ட்மான்ஸ் வேறு ரகம்.
பால் லாரி ஓட்டுகிறவள்,
இரவு முழுக்க விழித்த கண்ணோடு
விடியலில் நாயைக் கூட்டி வருவாள்.
நாய்க்குப் பதினான்கு வயது. பெயர் ஃபீடே.
ஒரு காது இல்லை, இருக்கிற காதும் கேட்பதில்லை.
இடது பின்னங்கால்
மனசு வந்தால்தான் தரையைத் தொடும்.
"நத்தையைக்கூடத் துரத்த மாட்டான்.
கயிறு போட்டால் அப்படியே படுத்துக்கொள்கிறான்.
உன் சட்டம் வந்து தூக்கிப் போகுமா?"
மூன்று முறை எச்சரித்தாயிற்று.
நான்காவதற்கு என்னிடம் வார்த்தை இல்லை,
படிவம்தான் இருந்தது.

மே ஒன்பது. பனி இடுப்பளவு.
புல்வெளிக்கு அப்பால் வீப்கே,
அவளுக்கு முன்னால், எந்தக் கயிறும் இல்லாமல்,
நொண்டிக்கொண்டே போகும் ஒரு பழுப்பு நிறம்.
என்னைப் பார்த்தாள். நடையைக் குறைக்கவில்லை.
பாதை வாய்க்காலைச் சுற்றிக்கொண்டு போகிறது,
பதினோரு நிமிடம்.
நான் குறுக்கே இறங்கினேன்.

முதலில் ஒன்று எழும்பியது. பிறகு இரண்டு.
கொண்டை வைத்த கறுப்பு வெள்ளை,
என் தொப்பியை உரசுவதுபோல் தாழ்ந்து
கத்தின, திரும்பி வந்து கத்தின.
ஆள்காட்டிகள்.
ஆள் வந்தால் ஊருக்கே சொல்லிவிடும் பறவை.
நாயைத்தான் காட்டிக் கொடுக்கின்றன என்று நினைத்து
இன்னும் வேகமாக நடந்தேன்.

பூட்ஸுக்கு அடியில் அதற்குச் சத்தம்கூட இல்லை.
நனைந்த பிஸ்கட்டை மிதித்த மாதிரி.

நான்கில் மூன்று.
சேற்று நிறம், கரும்புள்ளி,
ஒன்றுக்குள் ஏற்கெனவே
அலகு என்று சொல்லத் தக்க ஒன்று இருந்தது.

வீப்கே பாதையில் நின்றாள். பாதையை விட்டு
ஓர் அடிகூட அவள் இறங்கவில்லை,
ஃபீடேயும் இறங்கவில்லை. அவன் படுத்திருந்தான்.
"அசையாதே" என்று கத்தினாள்.
"வந்த தடத்திலேயே திரும்பிப் போ.
காலைப் பார்த்து வை."
பறவைகள் தலைக்கு மேலேயே வந்தன,
வாசல் வரை, பலகை வரை.

அன்று மாலை ஒரு படிவத்தை எடுத்து
தேதி எழுதினேன், இடம் எழுதினேன்.
அடுத்த கட்டம்: இனம்.
அடுத்தது: கயிற்றின் நீளம், மீட்டரில்.
பேனா மூடியை மாட்டிவிட்டேன்.

வீப்கேக்கும் ரசீது போயிற்று. சட்டம் சட்டம்தானே.
மறுவாரமே கட்டினாள், எல்லாம் சில்லறையாக.
எண்ணி முடிக்கும்வரை கவுண்டருக்கு அப்பால் நின்றாள்,
எதுவும் கேட்கவில்லை.
யாரிடமும் சொல்லவும் இல்லை போலிருக்கிறது,
ஹில்கோ இன்னும் எனக்கு ரொட்டியை
அதே மாதிரிதான் சுற்றித் தருகிறார்.

பலகையில், பூனைகளுக்குக் கீழே,
இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

நான்காவது முட்டைக்குத் தாய் திரும்பியதா
என்று போய்ப் பார்க்கவில்லை. போகக் கூடாது.
பாதையில் நின்று பார்த்தால்
புல்தான் தெரிகிறது,
புல் வளர்ந்துகொண்டிருக்கிறது.